எங்கே பிரிப்பது?

எட்டு போர்ட் கொண்ட ஒரு சுவிட்சை வாங்கி, நான்கைந்து கணினிகளின் கேபிள்களை அதில் செருகினால் போதும், அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும். சுவிட்சுக்கு எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம் போதாவிட்டால் இன்னொரு சுவிட்சைக் கோக்கலாம். அதன் பின்னால் மூன்றாவது. இப்படியே கோத்துக்கொண்டு போய் நானூறு கணினிகளைக்கூட ஓட்டிவிட முடியும். ஓடுகிற வரையில் வடிவமைப்பு என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவு வராது.

கணினி வலையமைப்பைக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் ‘எப்படி இணைப்பது?’ என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். இணைக்கும் வேலையை இயந்திரங்கள் தாமாகவே செய்துகொள்கின்றன. மனிதர் உட்கார்ந்து யோசித்து முடிவுசெய்ய வேண்டியது, அந்த இணைப்பை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தப் பகுதியை எதனிடமிருந்து ஒதுக்கிவைப்பது என்பதைத்தான்.

சுவிட்ச் எப்படிக் கற்றுக்கொள்கிறது

1973 மே 22 அன்று, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பாப் மெட்காஃப், சக ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஈதர்நெட் என்ற பெயர் அதில்தான் முதலில் வருகிறது. அவரும் டேவிட் போக்ஸும் உருவாக்கிய அமைப்பில் எல்லாக் கணினிகளும் ஒரே நீண்ட கேபிளில் தொங்கின. ஒருவர் அனுப்பியது எல்லோர் காதிலும் விழும். தனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். வேகம் நொடிக்கு 29.4 லட்சம் பிட்.

அந்தப் பொதுக் கேபிள் இன்று இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள், நடுவில் சுவிட்ச். ஆனால் ‘எல்லோர் காதிலும் விழும்’ என்ற பழைய குணம் முழுவதும் போய்விடவில்லை.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே தரப்பட்ட 48 பிட் எண் ஒன்று உண்டு. அதுவே மேக் முகவரி. முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும், மறுபாதி அந்தக் கார்டுக்கு அவர் கொடுத்த வரிசை எண். தரவு ஃப்ரேம் என்ற சிறு கட்டாகப் பயணிக்கிறது. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் மேக் முகவரிகளும் அதில் இருக்கும். மூன்றாம் போர்ட் வழியாக ஒரு ஃப்ரேம் வந்ததும் சுவிட்ச் அனுப்புபவரின் முகவரியைப் படித்து, ‘இவர் மூன்றாம் போர்ட்டில் இருக்கிறார்’ என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அவருக்கு ஏதாவது வந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும்.

பெறுபவர் யாரென்று அட்டவணையில் இல்லாவிட்டால்? வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் நகல் அனுப்பிவிடும். ‘எல்லோருக்கும்’ என்றே முகவரியிடப்பட்ட பிராட்காஸ்ட் ஃப்ரேமையும் அப்படியே செய்யும். ஒரு கணினி மற்றொன்றின் மேக் முகவரியைத் தேடும்போதும், புதிதாக எழுந்த கணினி தனக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் அதற்குத் தரப்படும் எண்) கேட்கும்போதும் பிராட்காஸ்ட்தான் போகிறது. ஆகவே ஐம்பது சுவிட்சுகளைக் கோத்திருந்தாலும், ஒரு கணினி போடும் கூச்சல் ஐம்பதின் கடைசி முனை வரை கேட்கும். அந்தக் கூச்சல் எட்டும் பரப்புக்கு பிராட்காஸ்ட் எல்லை என்று பெயர். வடிவமைப்பாளர் முதலில் வரைய வேண்டிய கோடு அதுதான்.

வளையம் என்னும் ஆபத்து

இரண்டு சுவிட்சுகளை ஒரு கேபிளால் இணைக்கிறீர்கள். அது அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இன்னொரு கேபிளையும் போடுகிறீர்கள். நியாயமான முன்யோசனைதான். ஆனால் இப்போது ஒரு வளையம் உருவாகிவிட்டது. முதல் சுவிட்சில் எழும் பிராட்காஸ்ட் இரு கேபிள்களிலும் இரண்டாவதற்குப் போகும். ஒரு கேபிளில் வந்ததை அது மற்றொன்றில் திருப்பி அனுப்பும். அது மறுபடி முதல் சுவிட்சுக்கு வரும். இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை.

ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பயணிக்கும் ஐபி பாக்கெட்டில் இதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டும் ஓர் ஆயுள் எண்ணோடு கிளம்புகிறது, அதிகபட்சம் 255. வழியில் அதைக் கடத்திவிடும் ஒவ்வொரு ரவுட்டரும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும், பூஜ்யம் ஆனதும் பாக்கெட் தூக்கியெறியப்படும். ஈதர்நெட் ஃப்ரேமில் அப்படி எதுவும் இல்லை. வளையத்தில் சிக்கியது சாகாது. புதிய பிராட்காஸ்ட்கள் வந்து சேரச்சேரக் கேபிளின் கொள்ளளவு முழுவதையும் அந்தச் சுழற்சியே தின்றுவிடும். ஒவ்வொரு கணினியும் வந்து விழும் பிராட்காஸ்டைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பதால் கணினிகளும் திணறும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன். 1985இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவர் வெளியிட்ட வழிமுறையின்படி சுவிட்சுகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறி ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். அதை வேராகக் கொண்டு கிளைகள் மட்டுமே உள்ள மரம்போல வழிகள் மிஞ்சும். வளையத்தை உண்டாக்கும் கூடுதல் இணைப்புகள் அடைத்துவைக்கப்படும். ஓடும் வழி அறுந்தால் மட்டும் அடைத்தது திறக்கும். ஸ்பானிங் ட்ரீ என்பது இதன் பெயர். தன் வழிமுறையின் சாரத்தைப் பெர்ல்மன் அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே ஒரு குறுங்கவிதையாகவும் எழுதிவைத்தார்.

கற்பவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமைத் தேர்தலில் முன்னுரிமை எண் குறைவாக உள்ள சுவிட்ச் ஜெயிக்கும். எல்லாவற்றிலும் தொழிற்சாலை அமைவான 32768 இருந்தால், மேக் முகவரி சிறியதாக உள்ளதற்கே வெற்றி. பழைய சாதனங்களின் மேக் எண்கள் பெரும்பாலும் சிறியவை. விளைவு, மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சுவிட்ச் மொத்தக் கட்டடத்துக்கும் தலைமை ஏற்றுவிடும். நல்ல சாதனத்தை நடுவில் வைத்து, அதன் முன்னுரிமை எண்ணைக் கையால் குறைத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

பாஸ்டன், 2002 நவம்பர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை, 1996இல் இரண்டு மருத்துவமனைகள் சேர்ந்து உருவானது. கணினிப் பயன்பாட்டில் நாட்டிலேயே முன்னணியில் இருந்ததாகப் பெயர் பெற்றது. 2002 நவம்பர் 13 அன்று அதன் வலையமைப்பு திடீரென்று மந்தமானது. பிறகு நின்றது. சரிசெய்தால் ஓடும், மறுபடி நிற்கும். சுமார் நான்கு நாள்கள் இப்படியே போயின.

மருத்துவர்கள் மருந்துச் சீட்டைக் கையால் எழுதினார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காகிதத்தில் வேலை செய்தே பழகியிராத இளம் மருத்துவர்களுக்கு மூத்தவர்கள் அந்த முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவசரப் பிரிவு சில மணி நேரம் ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டது.

ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெரிய தரவுப் பரிமாற்றம்தான் தீப்பொறி. ஆனால் பற்றிக்கொள்ளத் தயாராக இருந்தது வடிவமைப்பு. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு துறையும் வளர வளர, சுவிட்சுக்குப் பின் சுவிட்சாகக் கோத்துக்கொண்டே போயிருந்தார்கள். ஸ்பானிங் ட்ரீயின் வழக்கமான கால அளவுகள், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இராது என்ற கணக்கில் அமைந்தவை. அந்த வலையமைப்பின் சில பகுதிகள் இந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தன.

பாரம் ஏறும்போது சுவிட்சுகளின் பரிமாற்றச் செய்திகளும் நெரிசலில் மாட்டும். அடைத்துவைத்த இணைப்பைக் காவல் காக்கும் சுவிட்ச், வழக்கப்படி இரண்டு நொடிக்கு ஒருமுறை வர வேண்டிய செய்திக்குக் காத்திருக்கும். இருபது நொடிவரை வராவிட்டால், ‘ஓடிக்கொண்டிருந்த வழி அறுந்துவிட்டது’ என்று தீர்மானித்துத் தன் கதவைத் திறக்க முற்படும். உண்மையில் வழி அறுந்திருக்காது, செய்தி தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். கதவு திறந்ததும் வளையம் உருவாகும், பாரம் இன்னும் ஏறும், அடுத்த சுவிட்சும் ஏமாறும். பாதுகாப்புக்கென்று இருந்த ஏற்பாடே நெரிசலைப் பெருக்கும்.

வலையமைப்புச் சாதனங்களைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் பொறியாளர்கள் சாதனங்களோடு விமானத்தில் வந்து இறங்கினார்கள். ஒன்றாகக் கோத்துக் கிடந்த பகுதிகளை ரவுட்டர் வைத்துப் பிரித்ததே சிகிச்சை. மருத்துவமனையின் தகவல்துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் எல்லோரிடமும் பகிர்ந்துகொண்டார். ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பாடமாக எழுதியது. அங்கே எந்தச் சாதனமும் எரிந்துபோகவில்லை, எவரும் ஊடுருவவில்லை. ஒரு மூலையில் எழுந்த தொல்லை எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் கோடு போடவில்லை.

கோடு போடும் கருவிகள்

அந்தக் கோட்டைப் போடுவது ரவுட்டர். பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. ரவுட்டரின் ஒவ்வொரு முனையும் ஒரு தனி வலையமைப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டிய பாக்கெட்டை மட்டும், முகவரியைப் பார்த்து, அது கடத்திவிடும்.

அப்படியானால் ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சுவிட்ச் வாங்க வேண்டுமா? அலுவலகமும் ஆய்வகமும் ஒரே மாடியில் இருந்தால் அது வீண்செலவு. இதற்கு விடை வி-லேன். ஒரே சுவிட்சின் போர்ட்டுகளை மென்பொருளால் வகுத்துவிடலாம்: ஒன்று முதல் பத்துவரை வி-லேன் 10, மற்றவை வி-லேன் 20. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தாலும் ஒன்றின் கூச்சல் மற்றொன்றுக்குக் கேட்காது. இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே எல்லா வி-லேன்களும் ஒரே கேபிளில் போகலாம். அந்தக் கேபிளை ட்ரங்க் என்பார்கள். எது எந்த வி-லேனைச் சேர்ந்தது என்று தெரிவதற்காக ஒவ்வொரு ஃப்ரேமிலும் நான்கு பைட் அளவுள்ள அடையாளச் சீட்டு ஒட்டப்படும். அதில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட் இடம், பயன்படுத்தக்கூடியவை 4094.

முகவரியைக் கூறுபோடுதல்

பகுதிகளைப் பிரித்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரிக் கூட்டம் ஒன்று தர வேண்டும். ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுள்ளது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. அந்த 32 பிட்டில் முன்பகுதி வலையமைப்பைக் குறிக்கும், பின்பகுதி அதற்குள் இருக்கும் கணினியைக் குறிக்கும். வெட்டு எங்கே விழுகிறது என்பதுதான் எல்லோரையும் மிரட்டும் சப்நெட் பாடம்.

நம் தரைவழித் தொலைபேசி எண்களில் இதே கணக்கு இருக்கிறது. முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டால் மொத்தம் பத்து இலக்கம். சென்னைக்குக் குறியீடு 44, அதன் பின் எட்டு இலக்க எண். கோவைக்கு 422, பின்னால் ஏழு. நாகப்பட்டினத்துக்கு 4365, பின்னால் ஆறு. ஊர் பெரிதானால் குறியீடு குறுகும், உள்ளே எண்கள் பெருகும். மொத்த நீளம் மாறாது. ஐபி முகவரியின் பின்னால் சாய்கோடு போட்டு எழுதும் எண், குறியீட்டின் நீளத்தைச் சொல்கிறது. /24 என்றால் முதல் 24 பிட் வலையமைப்புக்கு. மீதி 8 பிட்டில் 256 முகவரிகள். /26 என்றால் 64 முகவரிகள். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் முகவரி வலையமைப்பின் பெயராகவும், கடைசி முகவரி பிராட்காஸ்டுக்காகவும் ஒதுக்கப்படுவதால் கணினிகளுக்குக் கிடைப்பது இரண்டு குறைவு.

ஒரு பள்ளிக்கு 192.168.10.0/24 என்ற கூட்டம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் வைஃபைக்கு 100 முகவரி வேண்டும், ஆய்வகத்துக்கு 50, அலுவலகத்துக்கு 25, கேமராக்களுக்கு 12. சுவிட்சுகளை நிர்வகிக்கச் சில. பெரியதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் ஒவ்வொரு கூட்டமும் தன் அளவின் மடங்கில்தான் ஆரம்பிக்க முடியும்.

விருந்தினர்: /25, கடைசி எண் 0 முதல் 127 வரை.
ஆய்வகம்: /26, 128 முதல் 191 வரை.
அலுவலகம்: /27, 192 முதல் 223 வரை.
கேமரா: /28, 224 முதல் 239 வரை.
நிர்வாகம்: /28, 240 முதல் 255 வரை.

ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை. தேர்வுத்தாளில் இதற்கு முழு மதிப்பெண். நிஜக் கட்டடத்தில் இது மோசமான வடிவமைப்பு! அலுவலகத்தில் இன்னும் ஆறு பேர் சேர்ந்தால் 30 என்ற எல்லை உடைந்துவிடும். பக்கத்து இடத்தில் கேமராக்கள் உட்கார்ந்திருப்பதால் விரிக்கவும் முடியாது. உள்ளே மட்டும் பயன்படும் தனியார் முகவரிகளில் இத்தனை சிக்கனம் தேவையே இல்லை. 10 என்று தொடங்கும் தனியார் கூட்டத்தில் மட்டும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் உள்ளன. ஆய்வகத்துக்கு 10.1.20.0/24, அலுவலகத்துக்கு 10.1.30.0/24 என்று தாராளமாகக் கொடுத்து, வி-லேன் எண்ணையும் 20, 30 என்றே வைத்தால், நள்ளிரவில் பழுது பார்க்க வருபவர் முகவரியைப் பார்த்ததுமே இடத்தைச் சொல்லிவிடுவார். சிக்கனக் கணக்கு வேண்டியது பொது முகவரிகளுக்குத்தான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

அந்தச் சிக்கனப் பள்ளியின் ஆய்வகக் கணினி ஒன்றுக்கு முகவரி 192.168.10.150, மாஸ்க் 255.255.255.192. மாஸ்க் என்பது /26 என்ற அதே வெட்டை எண்களில் எழுதும் முறை. அது யாருக்காவது அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: இவர் என் வலையமைப்பா, வெளியாளா? கடைசி எண் 150 இரும எண்ணில் 10010110. மாஸ்க்கின் 192 என்பது 11000000. இரண்டிலும் ஒன்று இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றை விட்டால் 10000000, அதாவது 128. பெறுபவர் முகவரிக்கும் இதே கணக்கைப் போட்டு 128 வந்தால் உள்ளூர், நேரடியாக அனுப்பலாம். வராவிட்டால் கேட்வேயான ரவுட்டரிடம் கொடுக்க வேண்டும்.

மாஸ்க்கைத் தவறுதலாக 255.255.255.0 என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும்? இணையம் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் 192.168.10.200இல் இருக்கும் அலுவலகப் பிரிண்டர் உள்ளூரில்தான் இருக்கிறது என்று அந்தக் கணினி நம்பிவிடும். ரவுட்டரிடம் கொடுக்காமல் தானே கூவிக்கூவித் தேடும். பதில் வராது. ‘நெட் வருகிறது, பிரிண்ட் மட்டும் போகவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் இப்படி ஒரு மாஸ்க் ஒளிந்திருக்கக்கூடும்.

அமைக்கும் வரிசை

கேபிளில் தொடங்குங்கள். செம்பு முறுக்குக் கம்பிக் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதைத் தாண்டும் இடத்தில் நடுவே சுவிட்ச் வேண்டும், அல்லது ஃபைபர். அடுத்து சுவிட்சுகளில் வி-லேன்களை உருவாக்கி, போர்ட்டுகளைப் பகிர்ந்து, ட்ரங்குகளைக் குறித்து, ஸ்பானிங் ட்ரீயின் தலைமையை நிர்ணயிக்க வேண்டும். அதன் பின் ரவுட்டரில் ஒவ்வொரு வி-லேனுக்கும் கேட்வே முகவரி.

கணினிகளுக்கு முகவரியைத் தானாக வழங்குவது டிஎச்சிபி சர்வர். கணினி அதைப் பிராட்காஸ்டால்தான் தேடுகிறது; பிராட்காஸ்டோ ரவுட்டரைத் தாண்டாது. கோடு போட்டதற்கு நாம் கொடுக்கும் விலை இது. எனவே ‘இந்த வேண்டுகோளை மட்டும் அந்த சர்வரிடம் கொண்டுபோய்க் கொடு’ என்று ரவுட்டரில் எழுதிவைக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் மறப்பது இந்த ஒரு வரியைத்தான். மறந்தால் விண்டோஸ் கணினிகளில் 169.254 என்று தொடங்கும் முகவரி தோன்றும். ‘கேட்டுப் பார்த்தேன், யாரும் தரவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்’ என்று கணினி சொல்வதாக அதைப் படிக்கலாம்.

கடைசியில் வருவது யார் யாரிடம் பேசலாம் என்ற விதிகள். விருந்தினர் வைஃபை இணையத்துக்குப் போகலாம், அலுவலகத்துக்குள் வரக்கூடாது. கேமரா பதிவு செய்யும் கருவியோடு மட்டும் பேசலாம், வெளியே போகக்கூடாது. பகுதிகளாகப் பிரித்திருந்தால் ஒவ்வொரு விதியும் ஒற்றை வரி. பிரிக்காமல் விட்டிருந்தால் இந்த விதிகளை எழுத இடமே இருக்காது, ஏனென்றால் ஒரே வலையமைப்புக்குள் பேசிக்கொள்பவை ரவுட்டரின் கண்ணில் படுவதில்லை.

எல்லாம் ஓடியதும் அமைவைச் சேமியுங்கள். பல சாதனங்களில் ஓடும் அமைவு வேறு, சேமித்த அமைவு வேறு. சேமிக்காமல் விட்டால் ஒருமுறை மின்சாரம் போய் வந்ததும் அத்தனை உழைப்பும் காற்றோடு போய்விடும்.

சோதிக்க 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங் என்ற சிறு நிரலே போதும். அவர் அப்போது அமெரிக்க ராணுவத்தின் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றினார். பிங்கை அருகிலிருந்து தொலைவுக்குப் பயன்படுத்த வேண்டும்: முதலில் சொந்த முகவரி, பிறகு கேட்வே, பிறகு வேறு வி-லேனில் ஒரு கணினி, பிறகு இணையத்தில் 8.8.8.8 போன்ற ஒரு முகவரி, கடைசியாக ஒரு தளத்தின் பெயர். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அதற்கும் முந்தைய படிக்கும் நடுவில்தான் பழுது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கேபிளைத் தொடாதீர்கள், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைவைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால், எது நோய் என்றே தெரியாமல் போகும்.

காகிதத்தில் ஒரு பயிற்சி

உங்கள் பள்ளியின் அல்லது அலுவலகத்தின் வலையமைப்பை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் கோட்டையும் விரலால் மறைத்து, ‘இது செத்துப்போனால் எத்தனை பேருக்கு வேலை நிற்கும்?’ என்று கேளுங்கள். விடை பெரிதாக வந்த இடத்தில் இன்னொரு வழி தேவை.

பிறகு அதே பெட்டியைப் பார்த்து இரண்டாவது கேள்வி: ‘இது சாகாமல் பைத்தியம் பிடித்துக் கத்த ஆரம்பித்தால், சத்தம் எங்கே நிற்கும்?’ முதல் கேள்வியைக் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிறார்கள். கூடுதல் கேபிள், கூடுதல் சுவிட்ச் என்று பணமும் செலவழிக்கிறார்கள். ஆனால் செத்த சாதனத்துக்குத்தான் மாற்று வழி மருந்து. கத்தும் சாதனத்துக்கு அதே மாற்று வழி, கத்தலைப் பரப்ப இன்னொரு பாதை. அதை அடக்க ஒரு ரவுட்டரோ, ஒரு வி-லேன் எல்லையோ, ஒரு விதியோ குறுக்கே நிற்க வேண்டும். உங்கள் தாளில் அப்படி எதுவும் இல்லாமல் கோடுகள் முனைக்கு முனை ஓடினால், வரைந்து முடிக்க இன்னும் வேலை இருக்கிறது.